பத்தாவது செடி

தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தாவரவியல் ஆசிரியையாக வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து நீட்டினால், ஏதாவது ஒரு பதில் சொல்லாமல் நான் திருப்பி அனுப்பியதில்லை. பெயர் தெரிந்தால் பெயர். தெரியாவிட்டால் குடும்பம். குடும்பமும் பிடிபடாவிட்டால், "மொதல்ல பூ வரட்டும், பொறவு பாப்போம்" என்று ஒரு வாய்தா. தலைமையாசிரியை பள்ளிக்கு வருகிறவர்களிடம், "எங்க டீச்சருக்குத் தெரியாத செடி கிடையாது" என்று என்னை அறிமுகப்படுத்துவார். நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். அந்தக் குனிவில் எவ்வளவு பெருமை இருந்தது என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், வாழையும் நெல்லுமாக இருக்கிற பகுதியில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. வருஷா வருஷம் பிளஸ் ஒன் பிள்ளைகளைச் செடி சேகரிக்க அழைத்துக்கொண்டு போவேன். ஒவ்வொருத்தியும் பத்துச் செடிகளை வேரோடு எடுத்து, செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி, காயவைத்து, கெட்டி அட்டைத் தாளில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். தாளின் கீழ்மூலையில் ஒரு சிறிய சீட்டு. அதில் நான்கு வரிகள்: செடியின் பெயர், குடும்பம், சேகரித்த இடம், அடையாளம் கண்டவர். கடைசி வரியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி 'தாவரவியல் ஆசிரியை' என்று எழுதுவார்கள். நான் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவேன். பத்துக் கையெழுத்து இருந்தால்தான் செய்முறைத் தேர்வில் அந்த மதிப்பெண்.

செடியை அழுத்துவதற்குச் செய்தித்தாள்தான் உயிர். வழவழப்பான தாள் ஈரத்தை இழுக்காது. அதனால் ஆளுக்கு இருபது தாள் கொண்டுவர வேண்டும், கொண்டுவராதவள் பஸ்ஸில் ஏறக் கூடாது என்பது என் சட்டம். இந்தக் காலத்தில் எந்த வீட்டில் பத்திரிகை வாங்குகிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. பிள்ளைகள் டீக்கடையிலும் சலூனிலும் கெஞ்சி வாங்கி வந்தார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது.

கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு சனிக்கிழமை காலையில் பஸ் புறப்பட்டது. ஏறும்போது ஒவ்வொருத்தியின் தாள்கட்டையும் தொட்டுப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் நீட்டிய கட்டு தவிட்டு நிறத்தில் இருந்தது. பாச்சை உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. தாள்களில் மடிப்பே இல்லை, இஸ்திரி போட்டதுபோல் இருந்தன.

"ஏட்டி, பீரோவுக்குள்ள இருந்து உருவிட்டு வந்தியோ?" என்றேன்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "எங்க வீட்ல பேப்பர் வாங்கலை டீச்சர்."

"சரி, ஏறு."

நான் கேலியாகக் கேட்டது உண்மை. பீரோத் தட்டில் சேலைகளுக்கு அடியில் விரித்திருந்த தாள்களைத்தான் அவள் உருவிக்கொண்டு வந்திருந்தாள். இருபது தாள் தேற வேண்டுமே. ஒரு தட்டு விடாமல் எடுத்துவிட்டு, பதிலுக்குப் பழைய காலண்டர் தாள்களை விரித்து, சேலைகளை மறுபடி அடுக்கி வைத்திருக்கிறாள். அவளுடைய அம்மா அப்போது வயலில் இருந்தார்.

திருநெல்வேலி தாண்டி, விக்கிரமசிங்கபுரத்தில் ஆலை ஷிப்ட் விட்டுச் சைக்கிள்களும் பைக்குகளும் ரோட்டை அடைத்துக்கொண்டு வர, பஸ் பத்து நிமிஷம் நின்றது. மலையடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச்சாவடியில் அதற்குமேல் போகக் கூடாது என்றார்கள். யானை நடமாட்டமாம். நான் அனுமதிக் கடிதத்தைக் காட்டிச் சண்டை போட்டேன். டிரைவர் அண்ணாச்சி இறங்கி வந்து, "விடுங்க டீச்சர், செடி கீழயும் மொளைக்கத்தான செய்யுது" என்றார். எரிச்சலாக வந்தது, ஆனால் அவர் சொன்னது சரிதான். கால்வாய் ஓரத்திலும், பாறைகளில் தண்ணீர் கசிகிற இடங்களிலும் பிள்ளைகளை இறக்கிவிட்டேன்.

அந்த ஒரு மணி நேரம் எனக்குத் திருவிழா மாதிரி. நாலு பக்கத்திலிருந்தும் "டீச்சர், டீச்சர்" என்று ஓடி வருவார்கள். நாயுருவி, சிறுபீளை, துத்தி, பேய்மிரட்டி, விஷ்ணுகிராந்தி என்று நான் சொல்லச் சொல்ல எழுதுவார்கள். தவிட்டு நிறத் தாள் கொண்டுவந்த அந்தப் பெண் ஒன்பது செடிகளை முடித்துவிட்டுப் பத்தாவதை உள்ளங்கையில் வேர்மண்ணோடு ஏந்திக்கொண்டு வந்தாள். ஒரு சாண் உயரம் இருக்கும். சதுரத் தண்டு, எதிரெதிர் இலைகள், இரண்டு உதடு வைத்தாற்போல ஊதா நிறத்தில் பொடிப்பூ.

"துளசிக் குடும்பம். பேய்மிரட்டி வகையில சின்னது. எழுதிக்கோ" என்றேன். ஒரு நொடிகூடப் பார்க்கவில்லை.

அவள் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தாள். "வாசனையே இல்லையே டீச்சர்."

"எல்லாச் செடியும் ஒனக்காக மணக்குமாக்கும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் விடவில்லை. "எங்க அம்மா வேலைக்குப் போற வயல்ல இதே மாதிரி ஒண்ணு கெடக்கும் டீச்சர்."

"வயல்ல கெடக்கது வேற, மலையில கெடக்கது வேற. எழுதுட்டி."

எழுதினாள். தன் கட்டிலிருந்து ஒரு தாளை விரித்து, செடியை அதன்மேல் படுக்கவைத்து, வேரை நீவிவிட்டு, தாளை மடித்தாள். தாளில் என்ன அச்சாகியிருக்கிறது என்று அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை தாள் மாற்ற வேண்டிய நாள். முதல் தாள் எல்லா ஈரத்தையும் குடித்திருக்கும். அதை எடுத்துவிட்டுக் காய்ந்த தாள் வைக்காவிட்டால் செடி தாளோடு ஒட்டிக்கொள்ளும், பூசணமும் பிடிக்கும். பிள்ளைகளிடம் விட்டால் இதழைப் பிய்த்துவிடுவார்கள் என்று இந்த வேலையை நானே ஆய்வகத்தில் உட்கார்ந்து செய்வேன். அவளுடைய பத்தாவது செடி வந்தபோது, பழக்கதோஷத்தில் லென்சை எடுத்துப் பூவுக்குக் கீழே பார்த்தேன்.

துளசிக் குடும்பத்தில் பூ உதிர்ந்தபின் அடியில் நான்கு சிறிய விதைகள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். அது எந்தப் புத்தகத்திலும் முதல் பாடம். இதில் அது இல்லை. நெல்மணி அளவில் ஒரு காய். ஊசியால் கீறினேன். உள்ளே தூசி மாதிரி நூறு விதை. துளசியும் இல்லை, பேய்மிரட்டியும் இல்லை, அந்தக் குடும்பமே இல்லை. வாசனை இல்லையே என்று அவள் கேட்டது சரியான கேள்வி. ஒரு நல்ல மாணவி கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதற்குத்தான் நான் நாலு பேர் சிரிக்கும்படி பதில் சொல்லியிருந்தேன்.

மறுநாள் வகுப்பில், "நான் சொன்னது தப்பு, இது என்னவென்று எனக்குத் தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் அந்தத் தாளை அப்படியே மூடி, ஆய்வக அலமாரியின் கீழ் இழுப்பறையில் பழைய வினாத்தாள்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். யாருக்கும் தெரியாமல் பெயரைக் கண்டுபிடித்துவிட்டால், ஆரம்பத்திலிருந்தே தெரிந்ததுபோல் சொல்லிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அவளைக் கூப்பிட்டு, "ஒன் பத்தாவது செடி பூசணம் பிடிச்சிட்டு. தூரப் போட்டுட்டேன்" என்றேன். என் கையிருப்பிலிருந்து ஒரு தும்பைச் செடியை எடுத்துக் கொடுத்தேன்.

அவள் உடனே தும்பையை வாங்கவில்லை. "ரெண்டு நாள்லயா டீச்சர்?"

"ஈரத்தோட வச்சா அப்படித்தான். ஒழுங்கா தொடச்சு வச்சிருக்கணும்."

பழியையும் அவள்மேலேயே போட்டுவிட்டேன். அவள் தும்பையை வாங்கிக்கொண்டு போனாள். வியாழக்கிழமைக்குள் மற்றச் செடிகள் காய்ந்து அட்டைக்கு மாறின. அவற்றை அழுத்திய தாள்களை எல்லாம், வழக்கம்போல, பள்ளியைப் பெருக்குகிற அக்கா வெள்ளிக்கிழமை வேப்பஞ்சருகோடு சேர்த்துக் கழிப்பறைக்குப் பின்னால் எரித்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து, இடைவேளை நேரத்தில் ஆய்வக வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை, காலில் காய்ந்த சேறு. வயலிலிருந்து நேராக வந்திருக்கிறார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

"டீச்சர், எம்மவ செடி வைக்கதுக்குப் பேப்பர் கொண்டாந்தாளாம்லா. அதுல ஒண்ணு மட்டும் வேணும்" என்றார். பெண்ணின் பெயரைச் சொன்னார்.

"எதுக்கும்மா?"

"அவ அப்பா படம் அதுல இருக்கு."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றுகொண்டே, நிதானமாகச் சொன்னார். அவர் கணவர் வாழைத்தார் ஏற்றிப் போகிற லாரியில் டிரைவராக இருந்தவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் விபத்தில் போய்விட்டார். மண்டியில் அவரோடு வேலை பார்த்தவர்கள் சேர்ந்து பத்திரிகையில் கண்ணீர் அஞ்சலி போட்டார்கள். அந்தத் தாளைக் கசங்காமல் இருக்கட்டும் என்று பீரோவின் மேல்தட்டில் சேலைகளுக்கு அடியில் விரித்து வைத்திருந்தார்.

"வேற படம் இல்லியாம்மா?"

"வெள்ளத்துல சுவரு விழுந்துச்சுலா டீச்சர். மாட்டியிருந்த படம், கல்யாண ஆல்பம், போனு எல்லாம் சகதியோட போச்சு. பீரோ மேத்தட்டுக்கு மட்டும் தண்ணி ஏறல. வார புதன்கெழமை அவுகளுக்குத் திதி. ஸ்டூடியோல குடுத்துப் பெருசு பண்ணி மாட்டிருவோம்னு பீரோவத் தொறந்தேன். காலண்டர் தாளுல்லா கெடக்கு."

"பிள்ளைக்குத் தெரியாதா?"

"தெரியாது. அப்போ அவளுக்கு நாலு வயசு. கருப்புக் கட்டம் போட்டு அச்சடிச்சதப் பாத்தா சங்கடப்படுவான்னு காட்டல. மாட்டின பொறவு பாக்கட்டும்னு இருந்தேன்."

பெருக்குகிற அக்காவைக் கூப்பிட்டேன். "அது எரிச்சு மூணு வாரம் ஆச்சே டீச்சர்" என்றார். அந்த அம்மா எரித்த இடத்தைக் காட்டச் சொன்னார். மூவரும் போனோம். மழையில் கரைந்து, கருப்பாக ஒரு வட்டம், நடுவில் புல் முளைத்திருந்தது. அவர் குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி டீச்சர். அவளை ஒண்ணும் சொல்லிராதிய. தெரியாமத்தான செஞ்சா."

நான் சொல்வதற்கு என்ன இருக்கிறது? இருபது தாள் இல்லாமல் பஸ்ஸில் ஏறக் கூடாது என்று சட்டம் போட்டவள் நான். அவர் வேப்பமரத்தடிக்கு நடந்து போனார். பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அப்போதுதான் எனக்கு இழுப்பறை ஞாபகம் வந்தது. எரியாத தாள் ஒன்று இருக்கிறது. இருபதில் ஒன்று. அதுவாகத்தான் இருக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் ஓடினேன்.

ஆய்வகத்தின் கதவைச் சாத்திக்கொண்டு தாளை விரித்தேன். செடி அப்படியே கிடந்தது. இலை ஓரங்களில் வெள்ளையாகப் பூசணம். நான் சொன்ன பொய் பாதி உண்மையாகியிருந்தது. செடிக்குக் கீழே கருப்புக் கட்டம் போட்ட ஓர் ஆளின் முகம். சுருட்டை முடி, சின்ன மீசை, முப்பது வயது இருக்கும். மகளுக்கு இருக்கிற அதே அகன்ற நெற்றி. வேர் அவர் பெயரின்மேல் கிடந்தது. தண்டு தோளின்மேல் சாய்ந்து, பூ காதுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அன்றைக்கு லென்சு வைத்து இந்தப் பூவை நான் பத்து நிமிஷம் பார்த்தேன். பக்கத்தில் இருந்த முகம் என் கண்ணில் படவில்லை. செய்தித்தாளில் இப்படி எத்தனை முகங்கள் வருகின்றன, யார் பார்க்கிறார்கள்?

அடுத்து நான் செய்ததையும் எழுதத்தான் வேண்டும். ஊசியையும் இடுக்கியையும் எடுத்தேன். செடியைப் பிரித்து எடுத்துவிட்டால், தாளை மட்டும் கொண்டுபோய், "குப்பையில் ஒன்று தப்பியிருந்தது" என்று கொடுத்துவிடலாம். அந்த அம்மாவுக்குப் படம் கிடைக்கும். என் பொய் என்னோடு இருக்கும். வேர் முனையில் இடுக்கியை வைத்து மெல்லத் தூக்கினேன். தாளும் சேர்ந்து எழும்பியது. நான் தாள் மாற்றாமல் பூட்டி வைத்ததால் செடி தாளோடு தாளாக ஒட்டிப்போயிருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் தோள் கிழியும். அதற்கு மேல் இழுத்தால் கன்னம். இடுக்கியைக் கீழே வைத்துவிட்டேன். செடி பிரிந்து வந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

தாளை ஓர் அட்டையின்மேல் வைத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். அம்மா வந்திருப்பதை யாரோ சொல்லி அந்தப் பெண்ணும் அங்கே நின்றாள். தாயார் தாளைப் பார்த்த உடனே தரையில் உட்கார்ந்துவிட்டார். அட்டையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு முகத்தைத் தொடாமல், அதற்கு மேலே காற்றில் விரலை வைத்துக்கொண்டிருந்தார். மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், வெகு நேரம் பார்த்தாள். பிறகு செடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பூசணம் பிடிச்சுத் தூரப் போட்டுட்டேன்னு சொன்னியளே டீச்சர்."

"பொய் சொன்னேன்" என்றேன். "நான் சொன்ன பேரு தப்பு. நீ வாசனை இல்லன்னு கேட்டியே, அதுதான் சரி. எனக்கு இது என்ன செடின்னு தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டு ஒளிச்சு வச்சேன்."

தாயார் நாங்கள் பேசுவதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. அவர் அப்போதுதான் செடியைக் கவனித்தார்.

"இது நம்ம வயல்ல கெடக்கதுல்லா. இதத்தான தெனமும் பிடுங்கிப் போடுதேன்" என்றார்.

"பிய்ச்சு எடுக்க முடியலம்மா. படம் கிழிஞ்சிரும்."

"பிய்க்காண்டாம். இருந்துட்டுப் போட்டும்."

மகளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பஸ் வந்தது. தாளை நெஞ்சோடு சேர்த்து அணைக்காமல், கசங்கிவிடக் கூடாது என்று சாப்பாட்டுத் தட்டைப் போலக் கிடையாக ஏந்தியபடியே ஏறினார்.

புதன்கிழமை திதிக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு முகம் இல்லை. ஸ்டூடியோக்காரர் செடியைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு, அப்பாவுக்கு நீலக் கோட்டும் டையும் போட்டுப் பெரிதாக்கிக் கொடுத்தாராம். அந்த மனுஷர் வாழ்நாளில் கோட்டுப் போட்டதில்லை. அதை மாட்டியிருக்கிறார்கள், பத்திரிகைத் தாள் மறுபடி மேல்தட்டுக்குப் போய்விட்டது என்று இன்னொரு பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மகள் தானாக வந்து சொல்லவில்லை. அவள் என்னிடம் பேசுவதில் மரியாதைக் குறைவு எதுவும் இருக்கவில்லை. கேட்டால் பதில் சொல்வாள். ஆனால் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். வகுப்பில் நான் எந்தச் செடிக்குப் பெயர் சொன்னாலும், முன்பெல்லாம் எழுதிக்கொள்கிறவள், இப்போது இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினாள். அதை நான் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும். வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்லூரியில் பாடம் நடத்துகிற என் பழைய வகுப்புத் தோழி ஒருத்தியிடம், காயைக் கீறிய அன்றே எடுத்து வைத்திருந்த படங்களை அனுப்பிக் கேட்டேன். லிண்டர்னியா என்னும் பேரினம், ஈரமான பாறையிலும் நெல்வயலிலும் வருகிற களை என்று எழுதினாள். கூடவே, "இது கூடவா தெரியாது?" என்று ஒரு வரி. வகுப்பில் அதை அப்படியே வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

மாசி மாதம் செய்முறைத் தேர்வுக்கு முன்னால் எல்லோரும் தாள்களைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவளுடைய முறை வந்தது. ஒன்பது தாளில் ஒன்பது கையெழுத்துப் போட்டேன். பத்தாவதில் நான் கொடுத்த தும்பை இல்லை. புதிதாகப் பறித்து, வேர் நீவி, ஒழுங்காகத் தாள் மாற்றிக் காயவைத்த ஒரு சின்னச் செடி ஒட்டியிருந்தது. ஊதா நிறம்கூட மங்கவில்லை. கீழே சீட்டில் பெயர், குடும்பம் எல்லாம் சரியாக இருந்தன. சேகரித்த இடம்: அம்மா களை எடுக்கும் வயல். அதன்கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி கூடுதலாக இருந்தது. 'நாற்று நட்டு இருபதாம் நாள் தலை காட்டும். வெயில் வந்தால் பூக்கும். வாசனை கிடையாது. இழுத்தால் வேரோடு வரும்.'

கடைசி வரிக்கு வந்தேன். மற்ற ஒன்பதிலும் 'தாவரவியல் ஆசிரியை' என்று இருந்த இடத்தில், 'அடையாளம் கண்டவர்: அம்மா' என்று எழுதியிருந்தாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று மாதமாக என்னிடம் ஒன்றும் கேட்காதவள் கேட்டாள்.

"சரியா இருக்கா டீச்சர்?"

தலையை ஆட்டிவிட்டு, அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் என் கையெழுத்தைப் போட்டேன்.